புகையில் மயங்கிய அப்பாவுக்கு ஆக்சிஜன் 99 காட்டியது. இப்போது ஞாபகம் தடுமாறுகிறது, புகைதான் காரணமா?

கவி_திருப்பூர்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு திருப்பூரில், மாடியில். கீழ்த்தளம் முழுக்க பனியன் வேஸ்ட் குடோன். கட்டிங் வேஸ்ட், நூல் வேஸ்ட், லைக்ரா கலந்த துண்டுகள் என்று மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருப்பார்கள். போன மாதம் விடியற்காலையில் அங்கே தீப்பிடித்துவிட்டது. தீ மாடிக்கு வரவே இல்லை. புகைதான் படிக்கட்டு வழியாக ஏறி வந்தது.

அம்மா, நான், குழந்தை மூவரும் முன்னறையில் இருந்ததால் பால்கனிக்கு ஓடிவிட்டோம். அப்பா (வயது 64) படிக்கட்டை ஒட்டிய பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார். தம்பி உள்ளே புகுந்து அவரை இழுத்து வந்தபோது அவருக்கு நினைவில்லை. மொட்டை மாடியில் படுக்க வைத்துக் கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் கண் திறந்தார். திறந்ததும் வாந்தி.

பக்கத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். விரலில் கிளிப் மாட்டினார்கள், 99 காட்டியது. எக்ஸ்ரே எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. உடம்பில் தீக்காயம் எதுவும் இல்லை. மூக்கில் சின்னக் குழாய் வைத்து ஒரு மணி நேரம் போல ஆக்சிஜன் கொடுத்தார்கள். "அளவு நன்றாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை" என்று மதியமே அனுப்பிவிட்டார்கள். இரண்டு மூன்று நாள் தலைவலி இருந்தது. அப்புறம் அதுவும் போய், பழையபடி டீக்கடைக்குப் போய் பேப்பர் படித்துவிட்டு வந்தார்.

இப்போது ஒரு வாரமாகத்தான் ஆளே மாறிவிட்டார். வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் நிற்கிறார். பேத்தி பெயர் வரவில்லை. காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார். படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுகிறது. கேட்டால் மட்டும் ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாயப்பட்டறையில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். வீட்டு வரவு செலவையெல்லாம் மனக்கணக்காகவே போட்டுவிடுவார்.

சொந்தக்காரர்கள் "தீயைப் பார்த்துப் பயந்துவிட்டார், மந்திரித்து விடுங்கள்" என்கிறார்கள். அதே மருத்துவமனையில் கேட்டதற்கு வயதாவதால் வரும் மறதி என்றார்கள். ஒரே வாரத்தில் இப்படி வயதாகுமா? ஆக்சிஜன் 99 இருந்தவருக்குப் புகையால் இப்படி வருமா? தம்பிக்கும் குரல் இன்னும் கரகரப்பாகவே இருக்கிறது. முதல் இரண்டு நாள் அவன் துப்பிய சளியில் கரி வந்தது. அவனையும் யாரிடமாவது காட்ட வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


டாக்டர்_மலர்விழி:

கவி, நான் மயக்கவியல் மருத்துவர். அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவிலும் அவசர சிகிச்சையிலும் வெகுகாலம் வேலை பார்த்தவள். முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், காரணத்தைப் பிறகு பேசுவோம்.

நாளைக்கே அப்பாவை நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வாக்கியமாக, "மூடிய வீட்டில் புகையில் மாட்டி நினைவிழந்தார், நடுவில் நன்றாக இருந்தார், இப்போது இப்படி ஆகிவிட்டார்" என்று சொல்லுங்கள். "மறதி" என்று ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். மூளை எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள், எடுங்கள். இழுத்து வரும்போது தலையில் அடிபட்டிருக்குமா என்று தம்பியிடம் கேட்டு வையுங்கள். மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்தாலும் சில வாரம் கழித்து இப்படி வரலாம், அதற்கு உடனே வழி செய்ய வேண்டும். ரத்தத்தில் சோடியம், சர்க்கரை, தைராய்டு, சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுவார்கள்.

இதெல்லாம் இல்லை என்றால், நீங்கள் எழுதியிருப்பது புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவின் தாமத விளைவுக்கு அப்படியே பொருந்துகிறது. சம்பவம் நடந்து 2 நாளிலிருந்து 40 நாளுக்குள், நடுவில் தேறியது போல ஓர் இடைவெளி விட்டு, ஞாபகக் குறைவு, கால் தேய்த்த நடை, சிறுநீர் அடக்க முடியாமை, பேச்சு வற்றிப்போவது என்று சேர்ந்து வரும். வயதானவர்களுக்கும் புகையில் நினைவிழந்தவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம். உங்கள் அப்பா இரண்டிலும் வருகிறார். வயதால் வரும் மறதி வருடக்கணக்கில் நகரும், ஒரே வாரத்தில் வேட்டி கட்ட மறக்க வைக்காது. உங்கள் சந்தேகம் நியாயமானது.

இனி அந்த 99. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் எனக்குப் போதாது. விரல் கிளிப் இரண்டு அலைநீளத்தில் ஒளியைப் பாய்ச்சி, ரத்தத்தின் சிவப்பை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஆக்சிஜன் பிடித்த ஹீமோகுளோபின் (ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள்) சிவப்பு. கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினும் ஏறக்குறைய அதே சிவப்பு. சாயப்பட்டறையில் இருந்த உங்கள் அப்பாவுக்கு இது நன்றாகத் தெரியும்: இரண்டு வேறு சாயம், கண்ணுக்கு ஒரே நிறம். கிளிப்புக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கை நஞ்சு பிடித்திருந்தாலும் அது 98, 99 என்றே காட்டும். அதனால் புகையில் மாட்டியவரிடம் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

சரி, வேறு எதை நம்புவது? கோ-ஆக்சிமீட்டர் வசதி உள்ள ரத்த வாயு இயந்திரம் கார்பன் மோனாக்சைடைத் தனியாக அளந்து சொல்லும். அந்த வசதி இல்லாத சாதாரண ஏபிஜி (ரத்த வாயு) இயந்திரமும் இங்கே ஏமாற்றும். அது ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளந்து, மீதியைக் கணக்குப் போட்டுத்தான் சதவீதம் தருகிறது. புகை பிடிக்காதவரின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு 2, 3 சதவீதத்தைத் தாண்டாது. பீடி சிகரெட் பழக்கம் உள்ளவருக்கு 10 வரைகூட இருக்கும். இன்னொன்றும் உண்டு: தாமதமாக ரத்தம் எடுத்தாலோ, வரும் வழியிலேயே ஆக்சிஜன் கொடுத்திருந்தாலோ அளவு இறங்கியிருக்கும். அளவு குறைவு என்பதற்காக பாதிப்பும் குறைவு என்று சொல்லிவிட முடியாது. மயங்கினாரா, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தார் என்பதுதான் என் கணக்கில் பெரிது. தோல் செர்ரிப் பழம் போலச் சிவக்கும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். உயிரோடு வருகிறவர்களிடம் அதை அரிதாகத்தான் பார்க்க முடியும்.

இந்த நஞ்சு ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். பிடியைத் தளர்த்த மருந்தே ஆக்சிஜன்தான், ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாதாரணக் காற்றில் விட்டால் ரத்தத்தில் இருக்கும் நஞ்சு பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். மூக்குக் குழாயில் போவது அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. அதனால் புகையில் வந்தவருக்கு கிளிப் என்ன காட்டினாலும் பை மாஸ்க்தான். அளவு பார்க்க வசதியில்லாத இடத்தில் ஆறு மணி நேரமாவது அதைக் கழற்ற விடமாட்டேன். கர்ப்பிணியாக இருந்தால் இன்னும் நீண்ட நேரம், ஏனென்றால் வயிற்றுக் குழந்தையின் ரத்தம் அதை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். தாய் தெளிந்துவிட்டாள் என்று நிறுத்திவிடக் கூடாது.

குடோனில் லைக்ரா துண்டு இருந்தது என்றீர்கள். எனக்கு அது முக்கியமான தகவல். லைக்ரா என்பது பாலியூரித்தேன் வகை இழை. பாலியூரித்தேன், நைலான், அக்ரிலிக், கம்பளி, பட்டு எல்லாவற்றிலும் நைட்ரஜன் இருக்கிறது. காற்றோட்டம் இல்லாத இடத்தில் இவை புகைந்து எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். சோபா, மெத்தைக்குள் இருக்கும் ஃபோமும் அப்படித்தான். கார்பன் மோனாக்சைடு ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதைத் தடுக்கிறது. சயனைடு, சுமந்து வந்த ஆக்சிஜனை செல்கள் பயன்படுத்துவதையே நிறுத்துகிறது. இரண்டும் ஒன்றாகச் சேரும்போது ஆள் சில நிமிடத்தில் விழுந்துவிடுவார்.

ஒரு சோபா பட்டறையில் தீப்பிடித்து ஓர் இளைஞனைக் கொண்டுவந்தார்கள். தோலில் தீக்காயம் உள்ளங்கை அளவுதான். மானிட்டரில் ஆக்சிஜன் 100. ஆனால் அவனுக்குத் தன் அம்மாவையே அடையாளம் தெரியவில்லை, ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது, மூக்குத் துளையில் கரி. ரத்தத்தில் லாக்டேட் (செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாதபோது கூடும் பொருள்) பார்த்தோம், 10ஐத் தாண்டியிருந்தது. பெரிய தீக்காயம் இல்லாமல் லாக்டேட் அவ்வளவு ஏறினால் சயனைடு என்று எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்க வேண்டும், ரத்த சயனைடு அளவு முடிவு வரும்வரை காத்திருக்க நேரம் இருக்காது. பாரிஸில் தீ விபத்தில் சிக்கியவர்களை ஆராய்ந்து 1991ல் வெளியிட்ட கட்டுரைதான் இந்தக் கணக்கை எங்களுக்குக் கொடுத்தது. அந்தப் பையனுக்குத் தொண்டைக்குள் மூச்சுக் குழாய் போட்டு, முழு ஆக்சிஜன் கொடுத்து, கையில் இருந்த சயனைடு முறிவு மருந்தான சோடியம் தயோசல்ஃபேட்டை ஏற்றினோம். பிழைத்து எழுந்து நடந்து போனான்.

தம்பி விஷயம். சளியில் கரி, குரல் கரகரப்பு இரண்டும் அவர் சுவாசப் பாதைக்குள் சூடும் கரியும் போனதற்கு அடையாளம். முதல் நாளில் என்றால் நான் பயந்திருப்பேன். தொண்டை வீக்கம் உடனே தெரியாது, 12, 24 மணி நேரத்தில் கூடிக்கொண்டே போய் மூச்சை அடைத்துவிடும். மூக்கு முடி கருகியிருந்தாலோ, குரல் மாறினாலோ, மூச்சிழுக்கும்போது சத்தம் வந்தாலோ வீக்கம் முற்றுவதற்குள்ளேயே குழாய் போட்டுவிடுவோம், தாமதித்தால் குழாயே நுழையாது. அந்தக் கட்டத்தை அவர் தாண்டிவிட்டார். ஆனால் இத்தனை வாரம் கழித்தும் குரல் தெளியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய்க் கேமராவில் குரல்நாணைப் பார்க்க வேண்டும். படி ஏறினால் இளைப்போ, இரவில் இருமலோ இருந்தால் நுரையீரல் ஊதும் பரிசோதனையும் எடுக்கச் சொல்லுங்கள்.

அந்த மருத்துவமனை கொடுத்த சீட்டில் "புகை சுவாசித்தவர்" என்று எழுதியிருக்கிறதா? இல்லாவிட்டால் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அடுத்து பார்க்கிற எல்லா மருத்துவருக்கும் அது தேவைப்படும்.


ஓய்வு_நிலைய_அலுவலர்:

டாக்டர் அம்மா சொன்னதற்குக் கீழே எங்கள் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாங்கள் வெளியே தூக்கி வந்த உடல்களில் தீ தொடாதவை ஏராளம். படுத்த படுக்கையில், பாத்ரூம் கதவுக்குப் பின்னால், படிக்கட்டுத் திருப்பத்தில் கிடப்பார்கள்.

டில்லி உப்ஹார் தியேட்டரில் 1997 ஜூன் 13ஆம் தேதி 59 பேர் இறந்தார்கள். தீ இருந்தது கீழே டிரான்ஸ்பார்மர் பக்கம், இறந்தவர்கள் பால்கனியில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். 2011 டிசம்பர் 9 அன்று கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் அடித்தளத்தில் எரிந்த பொருள்களின் புகை மேல்மாடி வார்டுகளுக்கு ஏறி, கண்ணாடி மூடிய கட்டடத்துக்குள் 90 பேர் அளவில் மூச்சுத் திணறி இறந்தார்கள், பெரும்பாலும் நோயாளிகள். திண்டுக்கல்லில் 2024 டிசம்பர் 12 இரவு ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது லிஃப்டுக்குள் சிக்கியவர்கள் உட்பட 6 பேரைப் புகை கொண்டுபோனது, அதில் ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. எல்லாவற்றிலும் கீழே தீ, மேலே சாவு. சூடான புகை மேலேதான் போகும், அது மேலே போகக் கட்டடத்தில் இருக்கும் அகலமான வழி படிக்கட்டும் லிஃப்ட் குழியும்தான். கீழே குடோன், மேலே குடித்தனம் என்ற அமைப்பை நான் எத்தனையோ ஊரில் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் வயிறு கலங்கும்.

படிக்கட்டில் புகை இருந்தால் அதற்குள் இறங்காதீர்கள். கதவை மூடுங்கள். சாதாரண மரக்கதவே பல நிமிடம் தாங்கும், அந்த நிமிடங்களில் நாங்கள் வந்துவிடுவோம். கதவிடுக்கில் ஈரத்துணி அடைத்துவிட்டு, தெருப் பக்க ஜன்னலுக்குப் போய்க் கத்துங்கள். 101 அல்லது 112. எந்த மாடி, எந்தப் பக்க அறை, எத்தனை பேர் என்று சொன்னால் ஏணியை நேராக அங்கே வைப்போம். புகைக்குள் போயே ஆக வேண்டும் என்றால் தவழ்ந்து போங்கள், தரையை ஒட்டித்தான் கொஞ்சம் நல்ல காற்று இருக்கும்.

மூக்கில் ஈரத்துணி கட்டினால் தப்பிக்கலாம் என்று பரவலாக நம்புகிறார்கள். அது கரியைப் பிடிக்கும், எரிச்சல் தரும் வாயுவில் கொஞ்சத்தைக் கரைத்துக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடு அதைத் தாண்டிப் போய்விடும். அந்தத் துணியை நம்பி நகை எடுக்கவும் பத்திரம் எடுக்கவும் திரும்ப உள்ளே போனவர்களை நாங்கள் தூக்கி வந்திருக்கிறோம். நாங்களே முதுகில் சிலிண்டரோடு பி.ஏ. செட் (சுவாசக் கருவி) மாட்டாமல் உள்ளே நுழைவதில்லை. உங்கள் தம்பி செய்தது பெரிய காரியம், கவி. அவன் பிழைத்தது எனக்கு உண்மையிலேயே ஆறுதலாக இருக்கிறது.

அப்புறம், ஜன்னல் கிரில். எல்லா ஜன்னலையும் வெல்டிங் அடித்து மூடுகிறார்கள். ஒரு ஜன்னலிலாவது உள்ளிருந்து திறக்கும் கிரில் வையுங்கள், அதன் சாவி ஜன்னலுக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்கட்டும். மொட்டை மாடிக் கதவுக்கும் இதே விதி.


குவைத்_தமிழன்:

அக்கா, மொட்டை மாடிக் கதவு என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இங்கே கம்பெனி கொடுத்த கட்டடத்தில் தங்கி வேலை பார்க்கிறேன். 2024 ஜூன் 12ஆம் தேதி குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் விடியற்காலையில் தீப்பிடித்தது. இந்தியர்கள் மட்டும் 45 பேர் போனார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் 7 பேர். தீ கீழ்த்தளத்தில், பெரும்பாலானவர்கள் இறந்தது புகையால். அறைகளைப் பிரித்திருந்த தடுப்புகள் எரியக்கூடியவை என்றும் மேலே போகும் கதவு பூட்டியிருந்தது என்றும் செய்தி வந்தபோது, எங்கள் அறையில் யாரும் சாப்பிடவில்லை. அன்றைக்கே நாங்கள் போய்ப் பார்த்தோம், எங்கள் மாடிக் கதவிலும் பூட்டு. சண்டை போட்டுத் திறக்க வைத்தோம்.

டாக்டரிடம் ஒரு கேள்வி. கொரோனா சமயத்து என்95 மாஸ்க் நிறைய இருக்கிறது. தலைமாட்டில் வைத்துக்கொண்டால் உதவுமா?


கவி_திருப்பூர்:

எல்லோருக்கும் நன்றிங்க. டாக்டர் சொன்ன மாதிரியே முதல் வாக்கியத்தைச் சொன்னேன். நரம்பியல் மருத்துவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். எம்ஆர்ஐயில் ரத்தக் கசிவு இல்லை. மூளையின் உள்ளே இரண்டு பக்கமும் வெள்ளைப் பகுதியில் மாற்றம் இருக்கிறது, புகையால் வந்ததுதான் என்றார். பிசியோதெரபி எழுதியிருக்கிறார்.

தெரிந்த ஒருவர், சென்னையில் அழுத்த அறையில் படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுக்கிறார்கள், அப்பாவைக் கூட்டிப் போங்கள் என்கிறார். நிறைய செலவாகும் போலிருக்கிறது. கடன் வாங்கியாவது போகலாமா? சயனைடுக்கு வேறு நல்ல மருந்து இருக்கிறதாமே, அதை இப்போது கொடுத்தால் பலன் உண்டா? இன்னொன்று, அப்பா வண்டிச் சாவியைக் கேட்டு அடம் பிடிக்கிறார்.


டாக்டர்_மலர்விழி:

காரணம் தெரிந்ததே பெரிய விஷயம், கவி. இனி யாரும் வயதின் மேல் பழியைப் போட மாட்டார்கள்.

அழுத்த அறை பற்றி நேராகச் சொல்கிறேன். சாதாரணத்தைவிட இரண்டரை, மூன்று மடங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் கார்பன் மோனாக்சைடு ஏறக்குறைய 20 நிமிடத்திலேயே பாதியாகிவிடும். தாமத விளைவைத் தடுக்கும் என்றும் நம்பிக்கை. அமெரிக்காவில் யூட்டாவில் நடத்தி 2002ல் வெளியிட்ட ஆய்வில் முதல் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவை அழுத்த அறையில் வைத்தவர்களில் 25 சதவீதம் பேருக்கும், சாதாரண ஆக்சிஜன் பெற்றவர்களில் 46 சதவீதம் பேருக்கும் ஆறு வாரம் கழித்து ஞாபக, அறிவுக் கோளாறு இருந்தது. அதற்கு முன் 1999ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. அதனால் இன்றுவரை மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. என் கருத்து இதுதான்: நினைவிழந்தவர், கர்ப்பிணி, நெஞ்சுவலி வந்தவர் என்றால் அறை பக்கத்தில் இருந்தால் முதல் நாளே அனுப்புவேன். ஆனால் பை மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நெடுந்தூரம் ஆம்புலன்ஸில் அனுப்ப மாட்டேன். இத்தனை வாரம் கழித்து உங்கள் அப்பாவின் ரத்தத்தில் நஞ்சே இல்லை. இந்தக் கட்டத்தில் அறை உதவும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அதற்காகக் கடன் வாங்காதீர்கள். அந்தப் பணத்தை பிசியோதெரபிக்கும் அப்பாவோடு ஒருவர் வீட்டில் இருப்பதற்கும் வையுங்கள்.

சயனைடு மருந்தும் அப்படியே, முதல் சில மணி நேரத்துக்கானது. ஆனால் அதைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஹைட்ராக்சோகோபாலமின், பி12 வைட்டமினின் ஒரு வடிவம். பெரியவர்களுக்கு 5 கிராம், 15 நிமிடத்தில் ரத்தக் குழாயில் ஏற்றுவது. அது சயனைடைப் பிடித்துத் தன்னோடு கட்டிக்கொண்டு சிறுநீரில் போய்விடும். தோலும் சிறுநீரும் சில நாள், சில வாரம்கூட செக்கச்செவேலென்று இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பிரான்சில் 1996 முதல் இருக்கிறது, அமெரிக்கா 2006ல் அனுமதித்தது. பிரேசிலில் சாந்தா மரியா ஊரில் 2013 ஜனவரி 27 அன்று கிஸ் என்ற இரவு விடுதியில் மேடை வாணத்தின் பொறி கூரை ஃபோமில் பட்டு 242 பேர் இறந்தார்கள். அந்த ஃபோம் பாலியூரித்தேன். பிழைத்து ஐசியூவில் கிடந்தவர்களுக்குக் கொடுக்க அந்த நாட்டிலேயே இந்த மருந்து இல்லை, அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வரவழைத்தார்கள். நம் ஊர் மாவட்ட மருத்துவமனைகளிலும் பெரும்பாலும் இதைப் பார்க்க முடியாது. நரம்புத் தளர்ச்சிக்குப் போடும் பி12 ஊசியில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு, அது இதற்கு ஈடாகாது. பனியன் வேஸ்ட்டும் ஃபோமும் இவ்வளவு குவிந்திருக்கும் திருப்பூர் போன்ற ஊரில் அரசு மருத்துவமனையில் சில டோஸாவது வைத்திருக்க வேண்டும் என்று நான் கூட்டங்களில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நீங்களும் மனு கொடுங்கள், குடோன் வைத்திருப்பவர்களையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

பழைய முறையில் சோடியம் நைட்ரைட் என்று ஒன்று உண்டு. அது ஹீமோகுளோபினில் ஒரு பகுதியை ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி மாற்றித்தான் சயனைடைப் பிடிக்கும். புகையில் வந்தவரின் ஹீமோகுளோபின் ஏற்கெனவே பாதி போயிருக்கும்போது அதைக் கொடுப்பது ஆபத்து. தயோசல்ஃபேட் பாதுகாப்பானது, ஆனால் வேலை செய்ய நேரம் எடுக்கும்.

குவைத் தம்பிக்கு: என்95 துகளைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. கார்பன் மோனாக்சைடை மாற்றும் வினையூக்கி வைத்த தப்பிக்கும் முகமூடி தனியாக விற்கிறது, கம்பெனியிடம் கேட்டுப் பாருங்கள். அதைவிட, புகை அலாரமும் பூட்டாத கதவும்தான் உங்களை எழுப்பி வெளியே அனுப்பும். குளிர்காலத்தில் அறைக்குள் கரி மூட்டாதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் விடுதிகளில் அப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் தீயே பிடிக்காமல் இதே நஞ்சில் இறந்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு வருவோம். இந்தத் தாமத விளைவு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரு வருடத்துக்குள் நன்றாகத் தேறுகிறார்கள். மெதுவாகத்தான் வரும், முதலில் நடை, பிறகு பேச்சு என்று ஆளுக்கு ஆள் மாறும். தினமும் ஒரே நேரத்தில் எழுப்புங்கள், பிடித்து நடக்க வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாத்ரூம் கூட்டிப் போங்கள். பழைய கணக்கு நோட்டைக் கையில் கொடுத்துச் சின்னச் சின்னக் கூட்டல் போடச் சொல்லுங்கள், தப்பு வந்தால் திருத்த வேண்டாம். மந்திரிப்பதால் கெடுதல் இல்லை, அதற்காக மருந்தையும் பயிற்சியையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். வண்டி இப்போது கூடவே கூடாது. சாவியை அவர் கண்ணில் படாமல் வையுங்கள், கேஸ் அடுப்புப் பக்கமும் தனியாக விடாதீர்கள். அடுத்து நரம்பியல் மருத்துவரைப் பார்க்கும்போது நடையையும் ஞாபகத்தையும் மறுபடி சோதித்து எழுதச் சொல்லுங்கள். முதலில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டி பற்றி அவர் முடிவு சொல்வார். தம்பியைத் தொண்டை மருத்துவரிடம் காட்டினீர்களா? அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.


கவி_திருப்பூர்:

இல்லைங்க டாக்டர், அவன் "எனக்கு ஒன்றுமில்லை" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டினேன். திங்கட்கிழமைக்கு டோக்கன் போட்டாயிற்று. மருத்துவமனையில் "புகை சுவாசித்தவர்" என்று சீட்டில் எழுதி வாங்கிவிட்டேன், இரண்டு பேருக்கும். மனுவுக்குக் கீழே குடோன்காரர் உட்பட எங்கள் தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போடத் தயார். அதை யார் பெயருக்கு, எப்படி எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.


டாக்டர்_மலர்விழி:

மாவட்ட ஆட்சியருக்கு எழுதி, மருத்துவக் கல்லூரி முதல்வருக்கு ஒரு நகல் வையுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் இருக்கும், தம்பியைத் தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட்டு அப்படியே போய்க் கொடுத்துவிடலாம். கேட்க வேண்டியது இரண்டே: கோ-ஆக்சிமீட்டர் உள்ள ரத்த வாயு இயந்திரம், ஹைட்ராக்சோகோபாலமின் இருப்பு. குடோன்கள் எத்தனை, அவற்றின் மேல் குடியிருப்பவர்கள் எத்தனை குடும்பம் என்று உங்கள் தெருக் கணக்கையும் சேர்த்து எழுதுங்கள். கொடுத்த பிறகு ரசீது எண்ணை வாங்க மறக்காதீர்கள்.